கலாசாரம் சனிக்கிழமை அஞ்சு மணிக்குக் கெடுகுதாம்

எங்கட வீட்டிலயிருந்து நடந்து போற தூரத்தில ஒரு நடன வகுப்பு இருக்கு. கடைக்கு மேல்மாடி. வாசலில தொங்கிற பனரில மூண்டு வரி: நான்கு வயது முதல் பரதநாட்டியம், சிறுவர்களுக்கு மேலைத்தேய மற்றும் சினிமா நடனம், பெண்களுக்கு ஸூம்பா. முதல் ரெண்டு வரிக்கும் ஊர் ஒண்டும் சொல்லேல்ல. மூண்டாவது வரி வந்து கொஞ்ச நாளில, சனசமூக நிலையக் கூட்டத்தில ஒரு ஐயா எழும்பி, குடும்பப் பெண்கள் பாட்டுப் போட்டு ஆடுறது எங்கட கலாசாரத்துக்கு ஒத்துவராது, ஊராய்ச் சேர்ந்து கடிதம் குடுப்பம் எண்டிருக்கிறார். கையெழுத்து வாங்க எங்கட படலைக்கும் வந்தவை. படலையைத் திறந்தது அம்மா. அந்த வகுப்புக்குப் போறவையில அம்மாவும் ஒராள்.

அம்மாவுக்கு 46 வயது. சீனி வருத்தம். கிளினிக்கில உடம்பை அசைக்கச் சொல்லி ரெண்டு வருசமாச் சொல்லுகினம். அதுக்காகத்தான் போகத் தொடங்கினவ. ஆனா ரெண்டாம் கிழமை வீட்டுக்கு வந்து, குசினிக்குள்ள ஒரு ஸ்ரெப்பைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தவவே, அது சீனி வருத்தத்துக்கு இல்லை. கையெழுத்துக் கேட்டு வந்தவையை "இவர் வரட்டும், கேட்டுச் சொல்லுறன்" எண்டு அனுப்பிப்போட்டு, அண்டைக்கு இரவு "நான் இனிப் போகேல்லை" எண்டா. இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்துக்கு எதிரானது.

கலாசாரம் எண்டு ஐயா சொல்லுறது பரதத்தை. சரி, அதிலயே தொடங்குவம். எங்கட தாத்தாக்களின்ர காலத்தில இஞ்ச கோயில் திருவிழாக்களில நாதஸ்வரமும் தவிலும் பெரிய மேளம், சதிர்க்கோஷ்டி சின்னமேளம். அந்தச் சின்னமேளத்தைத்தான் ஊர்ப் பெரியவர்கள் அசிங்கம் எண்டவை. அதுக்கும் முன்னம், 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் நல்லூர்க் கோயிலில் தாசிகள் ஆடுவதைக் கண்டித்து எழுதியிருக்கிறார். கடலுக்கு அங்கால 1947இல் மதராஸ் மாகாணம் தேவதாசி முறையையே சட்டம் போட்டுத் தடைசெய்தது. அந்த ஆட்டம்தான் 1930களில பேர் மாறிப் பரதநாட்டியமாகி, உடுப்பு மாறி, ஆடுற ஆக்களின்ர சாதியும் மாறி, எங்கட பள்ளிக்கூடப் பாடத்திட்டத்துக்கு வந்து சேர்ந்தது. ஆட்டத்தைக் காலங்காலமாக் காத்த குடும்பங்கள் வெளியில நிண்டதுகள். அதை எழுதப்போனா இந்தக் கட்டுரை போதாது. நான் கேக்கிறது ஒண்டுதான்: ஐயா இண்டைக்குக் காப்பாத்த வெளிக்கிட்ட சாமான், நேற்று இன்னொரு ஐயா துரத்த வெளிக்கிட்ட சாமான் எண்டு அவருக்குத் தெரியுமா?

வயசுக் கதைக்கு வருவம். "இந்த வயசில என்ன ஆட்டம்" எண்டு ஒழுங்கையில ஒரு மாமி அம்மாவுக்கு நேரவே கேட்டவ. ருக்மிணி தேவி அருண்டேல் 1904இல் பிறந்தவர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் கற்று முதன்முதலாகச் சபைக்கு முன்னால் ஆடியது 1935இல். கணக்குப் பாருங்கோ. எங்கட ஊர் அளவுகோலில அது கலியாணம் கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திவிடுற வயசு. அடுத்த வருசம் அவர் தொடங்கினதுதான் கலாஷேத்திரா. இஞ்ச எத்தினை ரீச்சர்மார் அந்தப் பேரைப் பெருமையாச் சொல்லுகினம்! அந்த மனிசி எங்கட ஊரில பிறந்திருந்தா, படலைக்கு ஆள் வந்திருக்கும்.

பரதத்தைப் பழிக்க நான் இதை எழுதேல்லை. ஆறு வயசில சலங்கை கட்டினனான். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில நாலாம் தரம் வரைக்கும் போனனான். ஆனா உண்மையைச் சொன்னா, அந்த எட்டு வருசமும் நான் ஆடினது பரீட்சைக்கு. அடவுகளை மார்க்ஸாத்தான் தெரியும். சாமத்தியப்பட்ட பிறகு வீட்டில "காணும்" எண்டு சொல்லேல்லை, "ஓ.எல். முடியட்டும்" எண்டிச்சினம். ஓ.எல். முடிய ஏ.எல். பிறகு கம்பஸ். என்னோட படிச்ச பன்னிரண்டு பேரில இண்டைக்கு ஆடுறது ஒராள். அவவும் ரீச்சராப் போனதால. மற்றவையின்ர அல்பத்தில ஒரு படம், அலுமாரியில ஒரு சேர்ட்டிபிக்கேற். எங்கட கலாசாரம் பெட்டையளுக்கு நடனத்தைக் குடுக்கேல்லை, இரவல் தந்தது. நாலு வயசில தந்து பதினாலில திருப்பி வாங்கியாச்சு. காசுள்ள வீடெண்டா நடுவில ஒரு அரங்கேற்றம்: மண்டபம், பக்கவாத்தியம், பட்டு, சாப்பாடு, வெளிநாட்டிலயிருந்து மாமா. அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை எங்க ஆடுது எண்டு ஆரும் கேக்கிறேல்லை. இந்தக் கணக்குக்கு வெளியில, பரீட்சையும் இல்லாமல், மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டுறதுக்கும் இல்லாமல், ஒரு பொம்பிளை தனக்காக ஆடினா? அதுதான் ஐயாவுக்குக் குத்துது. ஸூம்பா கொலம்பியாவில பிறந்தது எண்டது சாட்டு. அவரின்ர மகளின்ர கலியாண வீட்டில டிஜே போட்டவை, அது எந்த ஆகமத்தில வருது?

பெடியளை மறந்திட்டன். அந்தப் பனரில ஆம்பிளைப் பிள்ளைக்கு இடம் சினிமா நடனத்தில மட்டும்தான். பரத வகுப்புக்கு ஒரு பெடியன் வந்து ரெண்டு மாதத்தில நிண்டிட்டான். பள்ளிக்கூடத்தில பட்டம் வைச்சிட்டாங்கள். அந்தப் பனரில கூத்து எண்டு ஒரு சொல் கிடையாது. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எண்டு மேடையேற்றிக் காட்டின வடமோடி எங்கட மண்ணில ஆம்பிளையள் சலங்கை கட்டி ஆடின ஆட்டம்தான். "கூத்தாடுறியோ" எண்டு பிள்ளையளைப் பேசுற ஊரில அதுக்கு எங்க வகுப்பு வைக்கிறது. கண்டிய நடனம் ஆண்களின்ர ஆட்டமா இருந்து, வஜிரா சித்திரசேன போன்ற பெண்கள் மேடைக்கு வந்த பிறகு மாறினது. ஆர் ஆடலாம் எண்டது எழுதிவைச்ச விதி இல்லை, ஆராவது உடைக்கும் வரைக்கும் இருக்கிற பழக்கம்.

ஒண்டை ஒத்துக்கொள்ளுறன். அந்த மேல்மாடியில எனக்குப் பிடிக்காததும் நடக்குது. ஏழு வயசுப் பிள்ளைக்குச் சிவப்புச் சாயம் பூசி, அர்த்தம் விளங்காத பாட்டுக்கு இடுப்பை ஆட்டப் பழக்கி, வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில போடினம். லைக் போடுறது பெற்றார். கையெழுத்துக் கடிதத்தில அதைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தா நானே முதல் ஆளாப் போட்டிருப்பன். இல்லை. பிள்ளையை ஆட்டுவிச்சால் திறமை, தாய் ஆடினால் கேடு.

வகுப்புக்காரரும் சும்மா இல்லை. கடிதக் கதை காதில பட்ட உடன, பெண்களின்ர வகுப்பை முன் ஹோலிலயிருந்து பின் அறைக்கு மாத்தி, யன்னலுக்குத் தடிச்ச சீலை போட்டிட்டினம். காசு குறையேல்லை. பங்குனி வெயிலில, காத்து வராத அறையில, முட்டு வருத்தமும் பிரஷரும் உள்ள பதினஞ்சு பொம்பிளையள். ஏன் எண்டு போய்க் கேட்டன். "தங்கச்சி, சனம் கதைக்கும்" எண்டார் பொறுப்பானவர். சின்னப்பிள்ளையளின்ர வகுப்புக்கு யன்னல் திறந்துதான் கிடக்கு, ரோட்டில போறவை நிண்டு பாக்கவேணும் எண்டு. அது விளம்பரம்.

சீலையைக் கழட்டுங்கோ, இல்லாட்டி அரைவாசிக் காசைத் திருப்பித் தாங்கோ எண்டு எழுதி, வகுப்புக்கு வாற எட்டுப் பேரிட்டக் கையெழுத்து வாங்கியிருக்கிறன். எங்களுக்கும் கடிதம் எழுதத் தெரியும். ஒன்பதாவது கையெழுத்துக்கு அம்மாவிட்டக் கடதாசியை நீட்டினன். கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசிச்சிட்டு, "காசைத் திருப்பித் தரச் சொல்லி எழுதினதை வெட்டு, எனக்கு வகுப்புத்தான் வேணும்" எண்டா.