மூன்று மணிக்கு மூடும் கடை
ஆஸ்திரேலியாவில் இருந்த 84 கடைகளில் 61ஐ ஸ்டார்பக்ஸ் 2008இல் மூடிய கதை உங்களுக்கும் தெரிந்ததுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த இத்தாலியர்கள் எஸ்பிரெசோவைப் பழக்கிய நாடு, மெல்பர்ன் போர்க் வீதியில் பெல்லெக்ரினிஸ் காபிக் கடை 1954லிருந்து நடக்கிறது, அங்கே போய்க் காபி விற்கலாமா என்று காரணம் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் இங்கே ஆஸ்திரேலியாவில் எங்கள் தெருமுனைக் கடையில் உட்கார்ந்து பார்த்தால் எனக்கு வேறு காரணங்களும் தென்படுகின்றன. வாசலில் நாய்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம். குழந்தைகளுக்கு பேபிசினோ: காபியே கிடையாது, குட்டிக் கோப்பையில் பால் நுரை, மேலே கொஞ்சம் சாக்லேட் தூள், அவ்வளவுதான். அதற்காக அதட்டலாக ஆர்டர் கொடுக்கும் மூன்று வயதுக்காரருக்கும் ஃபிளாட் ஒயிட் குடிக்கும் வக்கீலுக்கும் ஒரே மரியாதை. புதிதாகக் குடிவந்த என்னிடம் எந்த ஊர், எதற்கு வந்தீர்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. சர்க்கரை எவ்வளவு என்றார்கள், கொஞ்ச நாளில் அதைக் கேட்பதும் நின்றது. ஒரே மனக்குறை, பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் நாற்காலிகளைக் கவிழ்த்துவிடுகிறார்கள். நாலு மணிக் காபியில் வளர்ந்த ஜென்மம் என்ன செய்யும்? காலையிலேயே டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கூடுதலாக இறக்கி வைத்துக்கொள்கிறேன்.