முதிர்ந்த குதிரையும் நெடுந்தொலைவு ஓட்டமும்

பத்து வயதைக் கடந்த குதிரையை நெடுந்தொலைவு ஓட்டத்துக்குப் புதிதாகப் பழக்கலாமா? இக்கேள்விக்கு இந்தியச் சவாரி வட்டங்களில் இரண்டு விடைகள் புழங்குகின்றன. ‘காலம் கடந்துவிட்டது’ என்பது ஒன்று. ‘மார்வாரிக் குதிரை எதையும் தாங்கும்’ என்பது மற்றொன்று. ஒன்று வயதை மட்டும் பார்க்கிறது. மற்றொன்று இனத்தை மட்டும் பார்க்கிறது. அக்குதிரை அதுவரை எவ்வாறு வாழ்ந்தது என்பதை இரண்டுமே கேட்பதில்லை.

முதல் விடை பந்தயத் திடலிலிருந்து வந்தது. பந்தயக் குதிரை 2 வயதிலேயே களமிறங்கி, இளமையிலேயே ஓய்வு பெற்றுவிடுகிறது. நெடுந்தொலைவு ஓட்டத்தின் கணக்கு வேறு. சர்வதேச விதிகளின்படி 8 வயது நிரம்பாத குதிரை 160 கி.மீ. ஓட்டத்தில் பங்கேற்கவே இயலாது. 15 வயதிலும் அத்தொலைவை நலமாக முடிக்கும் குதிரைகள் உண்டு. கூட்டத்தையும் வாகன இரைச்சலையும் கண்டு மிரளாமல், வழியில் நிதானமாகத் தண்ணீர் குடித்துத் தீனி தின்னும் பக்குவம் முதிர்ந்த குதிரைக்கே எளிதில் வாய்க்கிறது.

இரண்டாம் விடையே கூடுதல் ஆபத்தானது. முறையான பயிற்சியில் இதயமும் தசையும் சில மாதங்களில் வலுப்பெறுகின்றன. தசைநாண், எலும்பு, குளம்பு ஆகியவை அந்த வேகத்தில் வலுப்பெறுவதில்லை. அவற்றுக்கு ஓராண்டும் அதற்கு மேலும் தேவைப்படலாம். எனவே, கால்கள் ஆயத்தமாகும் முன்பே குதிரை ஆயத்தமாகிவிட்டதுபோல் தோன்றும். இடைநிறுத்தப் பரிசோதனையில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64-க்குள் இறங்கிவிட்டால் உரிமையாளர் மகிழ்கிறார். தசைநாணின் பழைய தழும்பை அந்த எண் காட்டாது. முதுமை கூடக்கூட உடல்வெப்பத்தை வெளியேற்றும் திறனும் குறைகிறது; வியர்வையோடு உப்புகளும் பெருமளவு வெளியேறுகின்றன. ராஜஸ்தான், குஜராத் வெயிலில் இது சிறிய செய்தியன்று.

இந்தியாவில் இச்சிக்கல் மேலும் இறுகுகிறது. கைமாறிவரும் குதிரை முன்பு பந்தயத்தில் ஓடியதா, சவாரிப் பள்ளியில் உழைத்ததா, திருமண ஊர்வலங்களுக்காகத் தார்ச்சாலையில் ஆண்டுக்கணக்கில் நடந்ததா என்பதற்குப் பெரும்பாலும் எழுத்துச் சான்று இருப்பதில்லை. வயதையே பல்லைப் பார்த்துத்தான் கணிக்கிறார்கள். மேல்தாடையின் ஓர வெட்டுப்பல்லில் சுமார் 10 வயதில் தோன்றும் பள்ளக்கோடு ஒரு குறிப்பைத் தரும், அதுவும் தோராயமானதே. பழைய காயத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இளம் குதிரைக்குக் கீழ்வயது வரம்பு உண்டு. முதிர்ந்த குதிரைக்கு மேல்வயது வரம்பு தேவையில்லை. தேவைப்படுவது ஆவணம். முதன்முறையாகக் களமிறங்கும் முதிர்ந்த குதிரைக்குக் கால்களின் எக்ஸ்ரே, தசைநாண்களின் ஸ்கேன், ஓராண்டுப் பயிற்சிக் குறிப்பேடு ஆகியவற்றைப் போட்டி அமைப்பாளர்கள் கேட்க வேண்டும். முதல் ஆண்டு நடையும் மெதுவான துள்ளுநடையுமாகவே கழிய வேண்டும்.

இத்தனை செலவும் காத்திருப்பும் சில ஆண்டு ஓட்டத்துக்காகவா என்று உரிமையாளர் கேட்கலாம், நியாயமான கேள்விதான். 40 கி.மீ. ஓட்டத்தை நொண்டாமல் முடிப்பதே அக்குதிரைக்குப் போதிய இலக்கு. 160-ஐ எட்டியாக வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. அந்த ஓராண்டைக் காத்திருக்க மனமில்லாதவர், முதிர்ந்த குதிரையைப் போட்டிக்கு எடுக்காமலிருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.