இரண்டு விளக்கு, ஒரு மீன்

மார்கழி விடியலில் சென்னை–நெல்லூர் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம், நீருக்கடியில் படமெடுக்கக் காமிரா வாங்குபவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. தடாவைத் தாண்டும்போது பனி இறங்கிவிட்டால் ‘ஹை பீம்’ போடக் கூடாது. போட்டால் சாலை தெரியாது, வெள்ளைச் சுவர்தான் தெரியும். வெளிச்சத்தைக் கூட்டக் கூட்டச் சுவரும் கெட்டியாகும். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து புறப்படும் ஒளி பனித் துளிகளில் பட்டு, வந்த வழியே கண்ணுக்குத் திரும்புவதுதான் காரணம். பனி விளக்குகளை பம்பரின் இரு ஓரங்களிலும் தாழ்வாகப் பொருத்துவது அதனால்தான்.

சட்டைப் பையில் அடங்கும் காம்பாக்ட் காமிராவை நீர்புகா உறையில் போட்டுக்கொண்டு கடலில் இறங்குபவர் செய்வது, பனியில் ஹை பீம் போடுகிற காரியம். அந்தக் காமிராவில் லென்ஸுக்கும் ஃபிளாஷுக்கும் இடையே இரண்டு விரற்கடை இருந்தால் அதிகம். தண்ணீரில் மிதக்கும் மண்துகளும் நுண்ணுயிரும் பளிச்சென்று ஒளிர்ந்து, படம் முழுக்க அரிசி மாவைத் தூவியதுபோல் ஆகிவிடும். போதாக்குறைக்கு, உறையின் லென்ஸ் குழல் மறைத்து படத்தின் ஒரு மூலையில் கருநிழல் விழும். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது மீன் இருக்காது. மாவு மட்டும் இருக்கும்.

இதற்கு மருந்து ஸ்ட்ரோப். ஃபிளாஷின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். தனி உறை, தனி பாட்டரி, காமிராவிலிருந்து விலகி நீளும் ஒரு கை. ஒன்று வாங்கியவுடன் அடுத்த சபலம் வருகிறது: ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒரு ஸ்ட்ரோபின் விலை பல காம்பாக்ட் காமிராக்களின் விலையைத் தொட்டுவிடும். எனவே இரண்டாவது எதற்கு என்று கேட்டுவிட்டுக் காசை எடுப்பது நல்லது.

வெளிச்சத்துக்காக என்பதுதான் வழக்கமான பதில். அது பாதிப் பதில்கூட இல்லை. ஒரே சக்தியுள்ள இரண்டு ஸ்ட்ரோபுகளின் ஒளி ஒரே இடத்தில் விழுந்தால் கிடைக்கும் லாபம் ஒரு ‘ஸ்டாப்’, அவ்வளவே. காமிராவின் உணர்திறனை ஒரு படி ஏற்றினால் அது செலவில்லாமல் கிடைத்துவிடும். இரண்டாவது ஸ்ட்ரோப் வெளிச்சம் தருவதைவிட நிழலை அடக்கவே பயன்படுகிறது. ஒற்றை விளக்கில் மீனின் ஒரு கன்னம் வெளுத்து, மறு கன்னம் கறுத்துப்போகும். எதிர்ப்புறமிருந்து இரண்டாவது விளக்கு பாதி சக்தியில் எரிந்தால் கறுத்த பக்கத்தில் செதில் தெரியும். இரண்டையும் ஒரே சக்தியில் எரியவிட்டால் பாஸ்போர்ட் படம்போல் மீன் தட்டையாகிவிடும். அகன்ற கோண லென்ஸில் பவளத் திட்டு ஒன்றை முழுதாக எடுக்கும்போது கதை வேறு. அங்கே ஒரு விளக்கின் ஒளி சட்டத்தின் மறுகோடியை எட்டாது, இரண்டு தேவைதான்.

தடாவைச் சுற்றியே இரண்டு வகைத் தண்ணீர் இருக்கிறது. கிழக்கே பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். சேறு கலங்கிய நீர். பூநாரைகளுக்கு அதுவே வாழ்வு. காலால் கிளறி, அலகால் வடிகட்டித் தின்கின்றன. படமெடுப்பவருக்கு அதுவே சாவு. அங்கே இரண்டு ஸ்ட்ரோப் அல்ல, பத்து ஸ்ட்ரோப் கொண்டுபோனாலும் சுவர்தான் வளரும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, காமிராவைத் தாழ்த்தி, வானத்தைப் பார்த்து எடுப்பதுதான் வழி.

மேற்கே வரதையபாளையம் பக்கத்து மலையில் உப்பலமடுகு. சென்னைக்காரர்களுக்குத் தடா அருவி. அங்குள்ள பாறைக் குளங்களில், குளிப்பவர்கள் மணலைக் கிளறாத நேரத்தில், நீர் தெளிவு. ஒற்றை விளக்கே தாராளம். ஆனால் நீர்புகா காமிரா கையிலிருக்கும் தைரியத்தில் நீச்சல் தெரியாதவர்கள் இறங்கக் கூடாத இடம் அது. அந்தக் குளங்களில் இளைஞர்கள் மூழ்கிய செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. காமிராவின் மீது ‘15 மீட்டர்’ என்று எழுதியிருப்பது காமிராவுக்கான உத்தரவாதம், ஆளுக்கல்ல.

நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். மீன் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சில சொட்டுப் பால் விட்டு, உள்ளே ஒரு பொம்மையை வையுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சை மூக்கருகே பிடித்துப் பாருங்கள். பால்தான் தெரியும். டார்ச்சைத் தொட்டியின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய், ஒளியின் நடுப்பகுதி பொம்மையின் மீது படாமல் ஓரம் மட்டும் உரசும்படி திருப்புங்கள். பொம்மை தெளியும். ஸ்ட்ரோப் வைக்கும் கலை முழுவதும் இந்த ஒரு திருப்பத்தில் இருக்கிறது. கைகளை இருபுறமும் விரித்து, விளக்குகளை லென்ஸ் கண்ணாடியைவிடச் சற்றுப் பின்தள்ளி, நேராகவோ கொஞ்சம் வெளிநோக்கியோ வைக்க வேண்டும். இதைச் சொன்னால் புதியவர்கள் முகம் சுளிப்பார்கள். மீனைப் பார்த்து அல்லவா விளக்கைத் திருப்ப வேண்டும்?

கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முகமூடிக் கண்ணாடி வழியே நீரில் பார்க்கும் பொருள், இருக்கும் தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பதாகத் தோன்றும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் மீன் முக்கால் மீட்டரில் நிற்கும். கண் சொல்கிற இடத்துக்கு இரண்டு விளக்கையும் குறிவைத்தால் ஒளிகள் மீனுக்கு முன்னால், வெறும் தண்ணீரில் சந்திக்கும். மாவு தூவும் இடம் சரியாக அதுதான். மிகச் சிறிய உயிர்களை விரற்கடைத் தூரத்தில் எடுக்கும்போது மட்டும் இந்த விதி தளரும். இடையில் தண்ணீரே இல்லாதபோது துகள் எங்கே இருக்கும்? அப்போது விளக்குகளை லென்ஸுக்கு அருகே, கடிகாரத்தில் பத்து மணி, இரண்டு மணி நிலைகளில் இழுத்துக்கொள்ளலாம்.

விளக்கே இல்லாமல் எடுத்தால் என்ன? எடுக்கலாம், நீலமாக. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்து மீட்டரிலேயே அது மங்கத் தொடங்கி, பத்தில் ஏறக்குறைய காணாமல் போகும். அங்கே விரலில் ரத்தம் வந்தால் பச்சை கலந்த கறுப்பாகத் தெரியும். கம்ப்யூட்டரில் நிறம் திருத்தலாம் என்பார்கள். ஆழம் குறைந்த இடத்தில் ஓரளவு சரி. ஆழத்தில், வராத சிவப்பை எந்த மென்பொருளும் மீட்காது, கற்பனைதான் செய்யும். விளக்கின் சிவப்பும் இதே வரியைக் கட்ட வேண்டும். ஒரு மீட்டரில் இருக்கும் மீனுக்குப் போக ஒன்று, திரும்ப ஒன்று. அதனால்தான் எந்த ஸ்ட்ரோபும் இரண்டு மீட்டருக்கு அப்பால் பெரிதாக எதையும் சாதிப்பதில்லை.

இந்தப் போராட்டம் பழையது. பிரான்சின் பான்யூல் கடற்கரையில் லூயி பூத்தான் 1893-இல் நீருக்கடியில் படமெடுத்தபோது, பிராணவாயு நிரம்பிய பீப்பாயின் மேல் மக்னீசியம் எரிக்கும் விளக்கைப் பொருத்தினார்கள். ஃபுளோரிடா அருகே 1926-இல் லாங்லியும் சார்லஸ் மார்ட்டினும் முதல் வண்ணப் படம் எடுத்தபோது, தெப்பத்தில் மக்னீசியப் பொடியை வெடிக்கவைத்தார்கள். ஒருமுறை முன்கூட்டியே வெடித்து லாங்லிக்குக் காயம். எம்.ஐ.டி.யின் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் 1953-இல் கூஸ்தோவின் கப்பலுக்கு மின்ஃபிளாஷோடு வந்துசேர்ந்தார். மாலுமிகள் அவருக்கு வைத்த பெயர் ‘பாப்பா ஃபிளாஷ்’. அந்தப் பத்தாண்டில்தான் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலை சுவாமி மலையடியில் மூழ்கி, போர்ச்சுகீசியர் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளைத் தேடினார்கள். இன்று அந்த விளக்கு நான்கு பென்டார்ச் பாட்டரியில் எரிகிறது.

காம்பாக்ட் காமிராவில் வெளி ஃபிளாஷ் பொருத்த இடமே இருக்காதே என்ற கேள்வி நியாயம். அதன் சொந்த ஃபிளாஷ் இங்கே ஒளி தருவதில்லை, சைகை மட்டும் தருகிறது. அதை உறைக்கு வெளியே கறுப்பு மறைப்பால் மூடி, மறைப்பின் இரண்டு துளைகளில் ஒளியிழைக் கம்பிகளைச் செருகுகிறார்கள். காமிரா மின்னியதும் இரண்டு ஸ்ட்ரோபும் சேர்ந்து மின்னும். பல காமிராக்கள் அளவு பார்க்க முன்கூட்டியே ஒருமுறை மின்னும். ஸ்ட்ரோபை அதற்கேற்ப அமைக்காவிட்டால் அது முதல் மின்னலிலேயே வெடித்துவிட்டு, படமெடுக்கும் நேரத்தில் சும்மா இருக்கும். காமிராவின் ஃபிளாஷைக் குறைந்தபட்ச சக்தியில் வைத்தால் பாட்டரியும் மிஞ்சும், அடுத்த படத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம்.

பெரிய காமிராக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய ஒன்றும் இதில் உண்டு. பெரும்பாலான எஸ்.எல்.ஆர்.களில் ஷட்டர் வேகம் 1/250 விநாடிக்கு மேல் போனால் ஃபிளாஷ் ஒத்துழைக்காது. லென்ஸுக்குள் ஷட்டர் உள்ள காம்பாக்டுகளில் சில 1/2000 வரை போகும். வெயிலடிக்கும் ஆழமற்ற கடலில் பின்னணி நீலத்தை ஷட்டராலும், முன்னால் உள்ள மீனை ஸ்ட்ரோபாலும் தனித்தனியே ஆளலாம்.

நம் கடலில் இதற்கெல்லாம் அழகுக்கு மேற்பட்ட ஒரு காரியம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அவற்றில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் மூழ்கிவிட்டன. ஆண்டுக்கணக்கில் பவளத்தை வெட்டியெடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். எஞ்சிய பவளத்தைச் சூடு வாட்டுகிறது. 2010-இலும் 2016-இலும் பெரிய அளவில் வெளிறியது. நீர் சூடேறும்போது பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் எலும்பு வெள்ளை தெரிகிறது. எது வெளிறியது, எது வண்டல் மூடியது, எது நலமாக இருக்கிறது என்பதற்குப் படம் சாட்சி. ஃபிளாஷ் இல்லாத நீலப் படம் இந்தச் சாட்சியைச் சரியாகச் சொல்லாது. இரண்டு ஸ்ட்ரோபையும் முழு சக்தியில் அடித்த படம் பொய்யே சொல்லும்: நலமான பழுப்புப் பவளமும் வெள்ளையாகிவிடும். எனவே சக்தியைக் குறைத்து, நிற அட்டை ஒன்றைச் சட்டத்துக்குள் வைத்து எடுப்பது உத்தமம். மாவுப் புள்ளிகளை மென்பொருளால் துடைக்கும் வசதி இப்போது வந்துவிட்டது. கல்யாண ஆல்பத்துக்குச் சரி. பவளக் கணக்கெடுப்பில் அது துடைப்பது புள்ளியையா, குட்டிப் பவளத்தையா என்று யார் சொல்வது? பூங்காவுக்குள் இறங்க வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஃபிளாஷால் மீனுக்குக் கண் போகும் என்றொரு பேச்சு உண்டு. கடற்குதிரை உள்ளிட்ட மீன்களை வைத்து நடத்தி 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், மின்னலைவிடக் கையால் தொட்டு நகர்த்துவதே அவற்றை அதிகம் பாதித்தது தெரிந்தது. இந்தியாவில் கடற்குதிரை 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. ‘போஸ்’ கொடுக்கவைக்கத் தொடுவது குற்றம். இரண்டு கைகள் விரித்த காமிரா, பாறை இடுக்கில் புகுந்தால் சும்மா வராது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளர்வதே பெரிதாக உள்ள பவளக் கிளை ஒரு தட்டில் ஒடியும். கை கால் ஆட்டாமல் நீரில் அசையாது நிற்கத் தெரியாதவர் இரண்டாவது ஸ்ட்ரோப் வாங்குவதை ஒத்திப்போடலாம் என்பது என் கட்சி. அந்தப் பணத்தில் பயிற்சி வகுப்புக்கே போகலாம்.

வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு பயிற்சி. ஒரே இடத்தில் நின்று நான்கு படம் எடுங்கள்: இரண்டும் அணைந்து ஒன்று, இடது மட்டும், வலது மட்டும், இரண்டும் எரிய ஒன்று. ஒவ்வொரு விளக்கும் என்ன செய்கிறது என்பது பிரிந்து தெரியும். மாவு இடது ஓரத்தில் தூவியிருந்தால் இடது விளக்கை இன்னும் வெளியே தள்ளி, பின்னுக்கு இழுங்கள். வலதென்றால் வலது. நான்கு படத்துக்கும் இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் மீன் போயிருக்கும். ஆகையால் ஒரு கல்லை வைத்துத் தொடங்குங்கள்.