கருப்புப் பட்டை தெரிந்தால் தியேட்டர், தெரியாவிட்டால்?

சாலை விபத்தில் அடிபட்டவரைச் சேர்த்ததும் உறவினர்கள் கேட்கிற முதல் கேள்வி, "சி.டி. ஸ்கேன் எடுத்தாச்சா டாக்டர்?" என்பதுதான். கேட்பதில் தவறில்லை. உடலைத் துண்டு துண்டாக அரிந்துகாட்டும் அந்தப் படத்தின் தெளிவு, கட்டிலருகே தள்ளிவரும் அல்ட்ராசவுண்ட் கருவியின் மங்கலான படத்துக்கு ஒருநாளும் வராது. ஆனால் எந்தப் படம் தெளிவானது என்பதை வைத்து எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்வதில்தான் கோளாறு. அதை முடிவு செய்ய வேண்டியது நோயாளியின் ரத்த அழுத்தம். அது சரிந்துகொண்டிருக்கும்போது அவரை சி.டி. அறைக்குத் தள்ளிக்கொண்டு போவது ஆபத்து. அது நிலையாக இருக்கும்போது, அல்ட்ராசவுண்டில் ஒன்றும் தெரியவில்லை என்று வீட்டுக்கு அனுப்புவதும் ஆபத்துதான். 2022-ல் மட்டும் சாலை விபத்துகளில் 17,884 பேரை இழந்த தமிழ்நாட்டில், இந்த வரிசை மருத்துவர்களுக்கு மட்டுமான விவாதமாக இருக்க முடியாது.

கட்டிலருகே செய்யும் சோதனைக்கு 'ஃபாஸ்ட்' என்று பெயர். வலது விலாவின் கீழ்ப்பகுதியில், அக்குளுக்கு நேர் கீழே ஜெல் தடவி பிரோபை வைத்தால், கல்லீரலும் வலது சிறுநீரகமும் ஒன்றையொன்று ஒட்டித் தெரியும். மல்லாந்து கிடப்பவரின் வயிற்றுக்குள் கசியும் ரத்தம் முதலில் வந்து தேங்கும் பள்ளங்களில் ஒன்று அந்த இடுக்கு. இரண்டு உறுப்புகளுக்கும் நடுவே வெண்மையான கோடு மட்டும் இருந்தால் அங்கே திரவம் இல்லை. கருப்புப் பட்டை தெரிந்தால், அடிபட்டு வந்தவரைப் பொறுத்தவரை அது ரத்தம் என்றே கொள்ள வேண்டும். பிறகு இடப்புறம் மண்ணீரலைச் சுற்றி, அடிவயிற்றில் சிறுநீர்ப்பையின் பின்னால், நெஞ்செலும்புக்குக் கீழே இதய உறையில். பழகிய கைக்குச் சில நிமிட வேலை. 1965-ல் அறிமுகமான முந்தைய முறையில், தொப்புளருகே கீறிக் குழாய் செருகி, உப்பு நீரை உள்ளே விட்டு, அது சிவந்து வருகிறதா என்று பார்த்தார்கள். 1990-களில் அமெரிக்காவில் ஃபாஸ்ட் பரவியதும் அந்தக் கீறலுக்குப் பெரும்பாலும் வேலையில்லாமல் போனது. இரண்டு நுரையீரல்களையும் சேர்த்துப் பார்ப்பது பின்னால் வந்த விரிவாக்கம். அதன் பலன் கொஞ்சநஞ்சமல்ல: நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று புகுந்திருப்பதை அல்ட்ராசவுண்ட் 100-க்கு 91 பேரிடம் கண்டுபிடிக்கிறது, படுத்த நிலையில் எடுக்கும் எக்ஸ்ரே 47 பேரிடம்தான் கண்டுபிடிக்கிறது என்று 2020-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

இவ்வளவு நல்ல கருவி என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் சறுக்கல். 2018-ல் வந்த இன்னொரு காக்ரேன் தொகுப்பின்படி, வயிற்றில் உண்மையிலேயே காயம் உள்ள 100 பேரில் சுமார் 68 பேரைத்தான் இந்தக் கருவி பிடிக்கிறது. காயம் இல்லாத 100 பேரில் ஏறக்குறைய 5 பேருக்குத்தான் பொய்யாக அபாயமணி அடிக்கிறது. அதாவது இந்தக் கருவி 'உண்டு' என்றால் பெரும்பாலும் நம்பலாம். 'இல்லை' என்றால் நம்பக் கூடாது. காரணம் எளிது. அது தேடுவது காயத்தை அல்ல, தேங்கிய திரவத்தை. ஸ்டியரிங் குத்திக் கிழிந்த குடலோ, நசுங்கிய கணையமோ, முதுகுப்புறத் தசைகளுக்குள் ஊறும் ரத்தமோ ஆரம்பத்தில் எந்தக் கருப்புப் பட்டையையும் காட்டாது. கசிவு இருந்தாலும் ஓரளவு சேர்ந்தால்தான் கண்ணில் படும். விபத்து நடந்து பத்தே நிமிடத்தில் வந்தவருக்கு அது இன்னும் சேர்ந்திருக்காது. மூளையைப் பற்றி இந்த நான்கு இடங்களும் ஒரு வார்த்தை பேசாது. ஆக, நிலையாக இருக்கும் நோயாளியின் சீட்டில் 'ஸ்கேன் நார்மல்' என்று எழுதி அனுப்புவதைப் போல ஏமாற்றும் வாசகம் வேறில்லை.

மறுபக்கத்து வாதமும் வலுவானதே. இன்றைய சி.டி. முழு உடலையும் ஒரு நிமிடத்துக்குள் சுற்றிவிடும். பிறகு எதற்கு மங்கலான படத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்? ஜெர்மனியின் விபத்துப் பதிவேட்டில் 4,621 பேரை ஆராய்ந்து 2009-ல் வந்த கட்டுரை, முழு உடல் சி.டி. எடுக்கப்பட்டவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பிழைத்தார்கள் என்றது. ஆனால் அது பழைய பதிவுகளைப் புரட்டிச் செய்த ஆய்வு, சி.டி. மேசை வரை உயிரோடு போய்ச் சேர்ந்தவர்கள்தான் அந்தக் கணக்கில் வருவார்கள். நெதர்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2016-ல் வந்தது. உடனே முழு உடல் சி.டி. எடுத்த பிரிவிலும், முதலில் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும் சி.டி. எடுத்த பிரிவிலும் இறப்பு ஏறத்தாழ 16 சதவீதம்தான். உடனடி அறுவை தேவைப்பட்ட அளவுக்கு மோசமானவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கருவி சுற்றும் நேரம் ஒரு நிமிடமாக இருக்கலாம். வென்டிலேட்டர், டிரிப், மானிட்டர் எல்லாவற்றோடும் ஆளைத் தூக்கி மேசைக்கு மாற்றி, மருந்து ஏற்றி, மறுபடி இறக்கும் நேரம் அப்படியல்ல. அதற்குள் இதயம் நின்றால் அந்த அறையில் வயிற்றைத் திறக்க வழியில்லை. அல்ட்ராசவுண்டை முதலில் வைத்து அமெரிக்காவில் 262 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், அறுவை அரங்குக்குப் போய்ச்சேரும் நேரம் 64 சதவீதம் குறைந்தது.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் எனக்கு உற்சாகம் குறைவு. வயிற்று சி.டி. ஒன்றே பல ஆண்டு இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம் என்பதால், அல்ட்ராசவுண்ட் அதைக் குறைக்கும் என்று நம்பினார்கள். நிலையாக இருந்த 925 குழந்தைகளிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில் சி.டி. எண்ணிக்கை பெயருக்குத்தான் குறைந்தது. அங்கே மீண்டும் மீண்டும் தொட்டுப் பார்த்துக் கண்காணிப்பதே மேல்.

பார்ப்பவரின் கையைப் பொறுத்துத்தான் படம் என்பது உண்மை. ஆனால் அது பயிற்சியால் தீர்வது: ஒரு வகைச் சோதனைக்கு மேற்பார்வையில் 25 முதல் 50 ஸ்கேன் என்பது அமெரிக்க அவசர மருத்துவர் சங்கத்தின் அளவுகோல். இந்தியாவில் முட்டுக்கட்டை வேறு. கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் கருவியையும் பதிவு செய்யச் சொல்கிறது. கையடக்கக் கருவிகளை எங்கே பயன்படுத்தலாம் என்பதற்கு 2012-ல் கட்டுப்பாடு வந்தது. 2014 விதிகள் ஆறு மாதப் பயிற்சி கேட்கின்றன. பெண் சிசுக்களைக் கொன்ற நாட்டுக்கு இந்தக் கெடுபிடி தேவைதான், தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் நடுராத்திரியில் அடிபட்டவரின் விலாவில் நான்கு இடம் பார்க்கும் டியூட்டி டாக்டருக்கும் அதே ஆறு மாதம் எதற்கு? அவசரப் பிரிவுக்கென்று தனிக் குறும்பயிற்சிச் சான்றிதழை அந்த விதிகளுக்குள்ளேயே கொண்டுவர முடியும்.

2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் செலவைப் பார்த்துக்கொள்கிறது. கசிவு பிறகும் சேரலாம் என்பதால், அந்த நேரத்துக்குள் ஸ்கேனை மறுபடி பார்த்துக் குறித்துவைப்பதும் வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு 108-இல் ஏற்றும்போது கூடவே போகும் ரெஃபரல் சீட்டில் முதல் ஸ்கேன் மணி, மறு ஸ்கேன் மணி, இரண்டு வேளையும் இருந்த பி.பி. என்று மூன்று கட்டங்கள் அச்சிடச் செலவு ஒன்றும் இல்லை. கட்டிலருகே கருப்புப் பட்டை தெரிந்து, பி.பி.யும் இறங்கியிருந்தால், தலைமை மருத்துவமனையில் காத்திருக்கும் சர்ஜன் சி.டி. அறையைத் தாண்டி நேரே தியேட்டருக்கு அழைத்துப் போகலாம். ஒன்றும் தெரியாமல் பி.பி. நிலையாக இருந்தால், நோயாளி போக வேண்டிய இடம் சி.டி.தான்.