பாப்பிக்கு ஹீட்டர் எதற்கு?

பாப்பி விதையை வீட்டுக்குள் தட்டில் போட்டு, மேலே விளக்கு, அடியில் சூடு என்று சீராட்டி முளைக்கவைப்பது வீண் வேலை. வீண் செலவும்கூட. குளிர்காலத்திலேயே, வெளியே, மண்மேல் அப்படியே தூவிவிட்டு வருவதுதான் சரி. பனி விழுந்து கிடக்கிறதா? பனிமேலேயே தூவலாம். இதைச் சொன்னால் "உனக்கென்ன பைத்தியமா" என்கிறார்கள். இல்லை ஐயா, தெளிவாகத்தான் இருக்கிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு? நான் படிப்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். வருடத்தில் நான்கு மாதம் பனி. எங்கள் மாணவர் தோட்டத்தில் இந்த முறை பாப்பி போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை, எல்லோரும் தலையாட்டினோம். அடுத்த வாரம் ஒரு செலவுப் பட்டியல் வந்தது பாருங்கள்! செடிக்கான விளக்கு, தட்டுக்கு அடியில் விரிக்கும் மின்சார சூட்டுப் பாய், பிளாஸ்டிக் மூடி போட்ட தட்டுகள், தண்ணீர் பட்டால் உப்பும் பீட் வில்லைகள், டைமர், இத்யாதி. விதை கடைசி வரியில், மூன்று டாலர். "போன வருடம் தக்காளிக்கு இப்படித்தானே செய்தோம்" என்று விளக்கம் வேறு.

தக்காளிக்குச் செய்ததில் தப்பே இல்லை. தக்காளியும் மிளகாயும் உறைபனி பட்டால் செத்துப்போகும். அதனால் குளிர் நாட்டில் அவற்றை உள்ளே நாற்றுவிட்டு, குளிர் போனபின் வெளியே நடுகிறார்கள். ஆனால் எல்லா விதைக்கும் நாற்றங்கால் போடுவது விவசாயம் ஆகாது. நம்மூரில் கத்திரிக்கு நாற்றுவிடுவார்கள். எள்ளுக்கு யாராவது நாற்றுவிட்டு நட்டுப் பார்த்திருக்கிறீர்களா? மணலோடு கலந்து விதைப்பார்கள், அவ்வளவுதான். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சொன்னவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு விதைக்கும் ஒரு பட்டம் உண்டு என்று. பாப்பியின் பட்டம் குளிர்காலம்.

சும்மா அடித்துவிடவில்லை, காரணங்கள் இருக்கின்றன.

முதலில் வேர். பாப்பிக்கு ஆணிவேர். மேலே நாலு இலை தெரியும்போதே கீழே வேர் ஆழமாக இறங்கப் பார்க்கும். அதைத் தட்டிலிருந்து பெயர்த்து இன்னொரு இடத்தில் நட்டால் வேர் அறுந்துபோகும். செடி சுணங்கி நிற்கும், இல்லையென்றால் ஒரேயடியாகச் சாயும். நாற்றாக வளர்ப்பதே பிடுங்கி நடுவதற்காக. பிடுங்கி நடுவதோ இந்தச் செடிக்கு ஆகாது. அப்புறம் எதற்கு நாற்று?

அடுத்தது சூடு. வயல் பாப்பி என்கிற சிவப்புப் பாப்பி, ஐரோப்பாவின் கோதுமை வயல்களில் களையாக வளர்ந்த செடி. கோடையில் அதன் காய் முற்றி விதை உதிரும். உதிர்ந்ததில் பெரும்பகுதி உடனே முளைக்காது, உறங்கும். ஈரமும் குளிரும் வந்தபிறகு இலையுதிர் காலத்தில் கொஞ்சம், குளிர்காலம் கழிந்து கொஞ்சம் என்று தவணைமுறையில் முளைக்கும். அதற்குப் பிடித்தது குளிர்ந்த மண். அதைப் போய் சூட்டுப் பாயில் படுக்கவைத்தால் எப்படி?

கடைசியாக வெளிச்சம். விதை தூசு மாதிரி இருக்கும், ஒரு கிராமில் ஆயிரக்கணக்கில். மண்ணைப் போட்டு மூடினால் வெளியே வரத் திணறும், வெளிச்சம் பட்டால் நன்றாக முளைக்கும். அதனால் மண்மேல்தான் கிடக்கவேண்டும். பனிக்காலம் இந்த வேலையை இலவசமாகச் செய்கிறது. மண் இரவில் உறைந்து பகலில் இளகும்போது மேலே சின்னச் சின்ன வெடிப்புகள் விழும், விதை அதில் பதியும். பனி உருகும் தண்ணீர் மெதுவாக இறங்கி ஈரம் கொடுக்கும். ராமநாதபுரம் பக்கம் புழுதி விதைப்பு செய்கிறார்களே, காய்ந்த மண்ணில் நெல்லைப் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருப்பார்களே, அதே புத்திதான். அங்கே மழை, இங்கே பனி உருகல்.

வரலாற்றிலிருந்தும் ஒரு சாட்சி. முதல் உலகப் போரில் (1914-1918) பெல்ஜியம், வடக்கு பிரான்ஸ் பகுதிகளைக் குண்டுகள் உழுது போட்டன. மண்ணுக்குள் வருடக்கணக்கில் உறங்கிய பாப்பி விதைகள் மேலே வந்து வெளிச்சம் பார்த்தன. பதுங்கு குழிகளையும் கல்லறைகளையும் சுற்றிச் சிவப்பாகப் பூத்தன. 1915-ல் ஜான் மெக்ரே என்ற கனடா ராணுவ மருத்துவர் அதைப் பார்த்துக் கவிதை எழுத, பாப்பி போரில் இறந்தவர்களின் நினைவுச் சின்னமாக ஆனது. அந்த மண்ணில் யார் தட்டு வைத்தார்கள்? யார் டைமர் போட்டார்கள்?

இன்னொரு உதாரணம் கலிஃபோர்னியா. அங்கேயுள்ள ஆரஞ்சு நிறப் பாப்பி வேறு பேரினம், ஆனால் ஒரே குடும்பம். குளிர்கால மழை நன்றாகப் பெய்த வருடங்களில் மலைச்சரிவே பற்றி எரிவதுபோலப் பூக்கும். 2019 மார்ச்சில் லேக் எல்சினோர் ஊரில் அதைப் பார்க்க வந்த கூட்டம் தாங்கவில்லை. 2023-ல் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போகவே நகர நிர்வாகம் தடை போட்டது.

"அது கசகசாதானே? போலீஸ் பிடிக்காதா?" என்று ஒருவர் கேட்பார், தெரியும் :-) நாம் குருமாவில் அரைத்துவிடும் கசகசா, அபின் எடுக்கும் பாப்பியின் விதை. அது வேறு இனம். இந்தியாவில் 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டப்படி அரசு உரிமம் இல்லாமல் அதைப் பயிரிடுவது குற்றம். அமெரிக்காவிலும் அந்தச் செடி தடைப்பட்டியலில் இருக்கிறது. ஆகவே மளிகைக்கடைக் கசகசாவைத் தோட்டத்தில் தூவும் வீரம் வேண்டாம். நான் சொல்வது வயல் பாப்பி. ஆனால் ஒன்று கவனியுங்கள். மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் பக்கம் உரிமம் பெற்ற விவசாயிகள் அந்த இனத்தைக்கூட குளிர்காலப் பயிராகத்தான் போடுகிறார்கள். அக்டோபர் கடைசி, நவம்பரில் நேரடியாக வயலில் விதைப்பு, முளைத்தபின் நெருக்கத்தைக் கலைத்துவிடுவது. பாப்பியை நம்பிப் பிழைப்பவனே நாற்றுவிடவில்லை. நாம் விடுகிறோம்!

இனி எதிர்வாதங்கள்.

"எறும்பு, குருவி தின்றுவிடும், மழை அடித்துப் போய்விடும்." தின்னட்டும், போகட்டும். மூன்று டாலர் பொட்டலத்தில் நம் பாத்திக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு விதை இருக்கிறது. கடைசியில் களைத்து எறிவதுதான் அதிகமாக இருக்கும்.

"உறைபனி நாற்றைக் கொல்லாதா?" வயல் பாப்பியின் இளஞ்செடி லேசான உறைபனியைத் தாங்கும். கடுங்குளிர் சிலவற்றைக் கொல்லலாம். அதற்காகத்தான் அது எல்லாவற்றையும் ஒரே நாளில் முளைக்கவிடுவதில்லை. அதன் தவணைமுறை நம் இன்சூரன்ஸைவிடப் பழையது.

"உள்ளே வைத்தால் கண்முன்னால் இருக்குமே, நிச்சயம் இருக்குமே." இதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். பனியில் தூவிவிட்டு மூன்று மாதம் ஒன்றும் தெரியாமல் இருப்பது பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தைத்தான் கடைக்காரன் பெட்டி பெட்டியாக விற்கிறான்.

அந்தப் பெட்டியில் இருக்கும் பீட் வில்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பீட் என்பது சதுப்புநிலத்தில் பாசி மட்காமல் படிந்து சேர்வது. வருடத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் சேரும். உலக நிலப்பரப்பில் வெறும் 3 விழுக்காடு இருக்கும் இந்த நிலங்கள், உலகத்துக் காடுகள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கரியைப் பிடித்துவைத்திருக்கின்றன. கட்டைவிரல் உயர வில்லை ஒன்றுக்குப் பின்னால் எத்தனை வருடம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். தேவை இருந்தாலாவது யோசிக்கலாம். இங்கே தேவையே இல்லை.

எனக்கு இன்னும் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. நம்மில் பலர் வாடகை அறையில் இருப்பவர்கள், இதுவரை ஒரு செடிகூட வைத்ததில்லை. அவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்தால் "ஓ, தோட்டம் என்பது காசுள்ளவன் விளையாட்டு" என்று ஒதுங்கிவிடுவார்கள். இல்லை. பாப்பிக்கு வேண்டியது இவ்வளவுதான்: வெயில் விழும் இடம். தண்ணீர் தேங்காத மண். புல்லை நீக்கி லேசாகக் கீறிவிடுங்கள், பனி வரும்முன் இதைச் செய்துவைப்பது நல்லது. ஒரு சிட்டிகை விதையை ஒரு கை காய்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். மெல்லிய பனிமேல் தூவினால் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்று கண்ணுக்கே தெரியும். மூடாதீர்கள். வசந்தத்தில் நெருக்கமாக முளைத்ததைக் களைத்து, சாண் இடைவெளிக்கு ஒன்று விடுங்கள்.

நிலமே இல்லையா? காலி பால் கேனைக் குறுக்கே வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பித் தூவி, ஒட்டி, மூடியைத் திறந்தபடி பால்கனியில் வையுங்கள். இங்கே பலரும் பல விதைகளுக்கு இப்படிச் செய்கிறார்கள். பாப்பியைப் பொறுத்தவரை இது இரண்டாம்பட்சம்தான். சின்னதாக இருக்கும்போதே வேர் கலையாமல் மண்கட்டியோடு பெரிய தொட்டிக்கு மாற்றவேண்டியிருக்கும். மின்சாரப் பாய்க்கு இது எவ்வளவோ மேல்.

பட்டியல் அடுத்த வாரம் ஓட்டுக்கு வருகிறது. நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன். ஆதரிப்பவர்கள் தாராளமாக என்னோடு சண்டைக்கு வரலாம். வரும்போது அந்த ஆணிவேரை என்ன செய்வதாக உத்தேசம் என்பதற்கு மட்டும் ஒரு பதிலோடு வாருங்கள்.