சைரன் இல்லாத அவசரம்

நெஞ்சுவலி வந்தவரைச் சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டு விரைபவருக்கும் ஆம்புலன்ஸுக்குள்ள சலுகை வேண்டுமாம். உயிர் எந்த வண்டியில் போனால் என்ன என்கிறார்கள். கேள்வி உருக்கமானது. ஆனால் பச்சை விளக்கை நம்பிக் குறுக்கே வரும் ஸ்கூட்டர்காரருக்கு அந்தக் காருக்குள் நோயாளி இருப்பது எப்படித் தெரியும்?

2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள், அவசர ஊர்தி சிவப்பு விளக்கைக் கடக்கவும் வேக வரம்பை மீறவும் இடம் தருகின்றன. ஆனால் சைரனும் சுழல்விளக்கும் இயங்க வேண்டும். அப்போதும் ஓட்டுநர் கவனம் தவறக் கூடாது. சலுகை உள்ளே கிடப்பவரின் வலிக்காக மட்டும் தரப்பட்டதல்ல. வெளியே இருப்பவர்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கையோடு பிணைக்கப்பட்டது. வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவு. கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத ஊர்திக்கு யார் வழிவிடுவது?

தவிர, கை நடுங்க ஓட்டும் மகனும் அதையே தொழிலாகச் செய்யும் ஓட்டுநரும் ஒன்றல்ல. (பின்னிருக்கையில் அம்மா முனகும்போது சாலையைப் பார்ப்பவர் எத்தனை பேர்?)

சிக்னலை மீறிய அந்த மகனைத் தண்டித்தே தீர வேண்டுமா? வேண்டியதில்லை. வேறொரு தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்ததைக் குற்றமாகக் கொள்ளாத 19ஆம் பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் உண்டு. மருத்துவமனைச் சீட்டோடு அதைச் சொல்லி வாதாடலாம். நடந்ததை விசாரித்து விடுவிப்பது வேறு, முன்கூட்டியே உரிமம் தருவது வேறு. இரண்டாவதைக் கேட்காதீர்கள். 108 வண்டி தாமதமாகும் ஊர்களுக்குக் கூடுதல் வண்டி கேளுங்கள்.