சுவரில் தொங்கும் சான்றிதழும் சிகிச்சைக்கு வரும் நோயாளியும்

மேலதிகப் பயிற்சி பெற்றவர் மேலான சிகிச்சை தருவார் என்பது எவரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் ஒரு நம்பிக்கை. பிசியோதெரபி என்று நாம் சொல்லிப் பழகிய இயன்மருத்துவத் துறையில், அந்த நம்பிக்கையை ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சோதித்துப் பார்த்து வருகிறார்கள். கிடைத்த விடைகள் சான்றிதழ் வழங்குவோருக்கு உவப்பானவை அல்ல. பயிற்சிக்குப் பணம் ஒதுக்க மறுப்போருக்கும் உவப்பானவை அல்ல. அதனால்தானோ என்னவோ, இரு தரப்பாரும் அவற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை.

2003 இல் லிண்டா ரெஸ்னிக், டெனிஸ் ஹார்ட் ஆகிய இருவரும் அமெரிக்காவில் முதுகுவலிக்குச் சிகிச்சை பெற்றவர்களின் பதிவுகளை ஆராய்ந்தனர். நோயாளிகள் எவ்வளவு தேறினார்கள் என்பதை வைத்தே சிகிச்சையாளர்களைத் தரம் பிரித்தனர். முதல் வரிசைக்கு வந்தவர்களை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்தியது சேவைக்காலம் அல்ல என்று கண்டனர். மறு ஆண்டு ஜூலி விட்மனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. எல்லோரும் ஒரே வரையறுத்த சிகிச்சை முறையைப் பின்பற்றியபோது, அனுபவ ஆண்டுகளோ விசேட தகைமைச் சான்றிதழோ கீழ்முதுகு வலி நோயாளியின் தேறுதலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதனையும் ஏற்படுத்தவில்லை.

அப்படியானால் பயிற்சியே வீண் என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் அடுத்த இரண்டு ஆய்வுகளையும் படிக்க வேண்டும்.

2006 இல் ஜெரார்ட் பிரெனன் குழுவினர் கழுத்துவலிச் சிகிச்சை பற்றிய இரண்டு நாள் பயிற்சிநெறி ஒன்றின் பயனை அளந்தனர். அதில் பங்குபற்றியதால் மட்டும் நோயாளிகளுக்கு மேலதிக நன்மை கிட்டவில்லை. அதன் பின்னரும் தமது சிகிச்சையைத் தொடர்ந்து சீர்செய்யும் திட்டத்தில் ஈடுபட்டவர்களின் நோயாளிகளே கூடுதலாகத் தேறினர். 2009 இல் ஜோஷுவா கிளீலண்ட் குழுவினர் இதையே எழுமாறாகப் பிரித்துச் சோதித்தனர். 19 சிகிச்சையாளர்களும் இரண்டு நாள் பயிற்சி பெற்றனர். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு மாத்திரம் அதன் பின்னரும் சிறு குழுக் கலந்துரையாடல்களும் நேரடி வழிகாட்டலும் தொடர்ந்தன. இந்தத் தொடர் பயிற்சி பெற்றவர்களின் நோயாளிகளுக்கே அன்றாட இயலாமை கூடுதலாகக் குறைந்தது. வலியின் அளவில் வேறுபாடு இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

2015 இல் ஜேசன் ரொடெகெரோவும் சகாக்களும் 25,000 க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தபோது, பட்டத்துக்குப் பிந்திய வதிவிடப் பயிற்சி முடித்தவர்கள் அது இல்லாதவர்களை விஞ்சவில்லை. அதற்கும் மேலான உயர்நிலைப் பயிற்சியை முடித்தவர்களின் நோயாளிகளே சற்றுக் கூடுதலாகத் தேறியிருந்தனர்.

இவை அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று துலங்குகிறது. பட்டத்தின் பெயரோ சான்றிதழ்களின் எண்ணிக்கையோ நோயாளியைக் குணப்படுத்துவதில்லை. கற்றதை நோயாளியிடம் செய்து பார்த்து, பலனை அளந்து, பிழையைத் திருத்த ஒருவர் அருகில் இருக்கும்போதுதான் பயிற்சி சிகிச்சையாக மாறுகிறது.

பயிற்சியோடு பொறுப்பும் வழங்கப்பட வேண்டும். 1999 இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்றில், என்பியல் வெளிநோயாளர் பிரிவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினரை விசேட பயிற்சி பெற்ற இயன்மருத்துவர்களும், மற்றப் பகுதியினரைக் கனிஷ்ட நிலைச் சத்திரசிகிச்சை வைத்தியர்களும் பார்த்தனர். நோயாளிகளின் தேறுதலில் இயன்மருத்துவர்கள் பின்தங்கவில்லை. வைத்தியசாலைக்கு ஏற்பட்ட நேரடிச் செலவும் ஆரம்பத்தில் குறைவாகவே இருந்தது. நோயாளிகளின் திருப்தியோ கூடுதலாக இருந்தது. பயிற்சி கொடுத்துவிட்டு, முடிவெடுக்கும் உரிமையை மறுப்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்கள் இத்துறையில் பட்டம் வழங்குகின்றன. அது நல்ல வளர்ச்சி. ஆனால் பட்டத்துக்குப் பின்னர் என்ன? நமக்குத் தெரிந்த வழி செயலமர்வு ஒன்றுதான். மங்கல விளக்கேற்றல், பிரதம விருந்தினர் உரை, மதிய உணவு, சான்றிதழ் வழங்கல், குழுப் படம். பத்திரிகையில் இருந்த காலத்தில் இத்தகைய படங்களை எத்தனையோ பிரசுரித்திருக்கிறேன். அந்தச் செயலமர்வுக்குப் பிறகு எத்தனை பேர் நன்றாக நடந்தார்கள் என்ற செய்தி ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை.

ஓர் ஆட்சேபம் எழும். மேலே சொன்ன அமெரிக்க ஆய்வுகள் பெரும்பாலும் முதுகுவலி, கழுத்துவலி பற்றியவை. வசதியுள்ள ஒரு நாட்டின் நோயாளிகளைப் பற்றியவை. உண்மைதான். 2009 இல் முடிந்த போரில் கால் இழந்தவருக்கோ, பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்த தாய்க்கோ அந்த முடிவுகளை அப்படியே பொருத்திவிட முடியாது. அதனால்தான் நாம் நம்முடைய நோயாளிகளை அளக்க வேண்டும் என்கிறேன். பிறர் அளந்தது நமக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டு நாமும் அளக்காமல் இருப்பது எந்த ஊர் நியாயம்?

ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பஸ் மாறிச் சிகிச்சைக்கு வரும் மனிதருக்குத் தன் சிகிச்சையாளர் முதுமாணியா கலாநிதியா என்பது பொருட்டல்ல. கிணற்றில் தண்ணீர் அள்ள முடியுமா, படியேற முடியுமா என்பதே அவருடைய கேள்வி. முதல் நாளில் அவரால் என்ன முடிந்தது, கடைசி நாளில் என்ன முடிகிறது என்று எழுதிவைக்க ஒரு தாள் போதும். அந்தத் தாள்களை மாதம் ஒரு முறை மூத்தவர் ஒருவருடன் அமர்ந்து படிக்க ஒரு மணித்தியாலம் போதும். அடுத்த செயலமர்வுக்குப் பணம் கேட்டு வருபவரிடம், சென்ற செயலமர்வின் பலனைக் காட்டும் தாள் எங்கே என்று சுகாதார அதிகாரிகள் கேட்கட்டும். தாள் இல்லையென்றால் பணமும் இல்லை.